நல்லப்பன் வண்டியின் எண்ணெய் ஒழுக்கு

மோட்டார் சைக்கிள் ரிப்பேருக்கு வீட்டுக்கு வரச் சொல்கிறவர்கள் முதலில் வண்டியைக் காட்டமாட்டார்கள், தரையைத்தான் காட்டுவார்கள். இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு என்று குனிந்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவதைப் பார்த்தால், கெட்டுப்போனது வண்டியா தரையா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். எண்ணெய் ஒழுகும் வண்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. உங்கள் வீட்டு வாசலும் கறுத்துப் போய்த்தான் கிடக்கும். ஆனால் ஒழுகுவதை நிறுத்த வந்தவன் பட்ட பாட்டையும் ஒரு தடவை கேளுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

அப்போது இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிக்கவில்லை. சேலம் ஜில்லா முழுக்கத் தேடினாலும் மோட்டார் சைக்கிள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்கார்ந்தால் நெய்ததைவிட இழை அறுத்ததே அதிகம் என்பதால், வீட்டிலேயே பார்த்து ஒரு பஸ் கம்பெனி ஷெட்டுக்குத் துரத்திவிட்டார்கள். அங்கே ஆறு வருஷம் கரி பூசிக்கொண்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் தனியாகத் தொழில் போட்டேன். ஒழுகும் வண்டி நம்மைத் தேடி வராது. நான்தான் சைக்கிள் காரியரில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு அது இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். அத்தோடு எனக்கு ஒரு பலவீனம் உண்டு. சட்டென்று அதிர்ந்துபோய்விடுவேன். நட்டு ஒன்று கூடுதலாக மிஞ்சினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவன் நல்லப்பன் வண்டியில் போய் மாட்டினேன்.

வெல்லமும் சுண்ணாம்பும்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டில் எல்லாம் பாவாயி அம்மாள்தான். வீட்டுக்காரர் காலமான பிறகு பண்ணையம் முழுவதையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்டவர். ஒரே மகன் நல்லப்பன், இருபத்தாறு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பான். அஸ்தம்பட்டி பங்களாவில் இருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன வண்டியை வாங்கி வைத்திருந்தான். கையால் கியர் போடுகிற பழைய மாடல். ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே உட்கார்ந்தபடியே வலது காலால் உதைத்துக் கிளப்பிவிடுவான். இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. வண்டிமேல் ஏறிவிட்டான் என்றால் அவன் நொண்டி என்று எவனும் சொல்ல முடியாது. அதனால் நூறு கெஜம் தள்ளியிருக்கும் கிணற்றுக்கும் அதில்தான் போவான்.

பாவாயி அம்மாள் என்னை வாசலுக்கு அழைத்துப் போய், வழக்கம்போல் தரையைக் காட்டினார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்த எண்ணெயால் மகனுக்கு இரண்டு இடம் தவறிப்போய்விட்டது. பெண் பார்க்கப் போனான். வாசலில் வண்டியை நிறுத்தினான். நிறுத்தியதும் அது கோலத்தின்மேலேயே சொட்டியது. நல்ல காரியத்துக்கு எண்ணெய் எதிரே வந்தால் ஆகாது என்று நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எண்ணெய்க் குடம் எதிர்ப்பட்டால் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஜனங்கள் நாம். மாப்பிள்ளையே எண்ணெயோடு வந்து இறங்கினால் எப்படியிருக்கும்? இரண்டு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. இன்னும் பத்து நாளில் மூன்றாவது இடம். மாட்டு வண்டியில் போடா என்றால் மகன் கேட்கமாட்டேன் என்கிறான். மோட்டார் சைக்கிளில்தான் போவானாம்.

நான் கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். அண்ணாந்து பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஞ்சினுக்குக் கீழ்ப்பக்கமே தெரியவில்லை. கல்லுப் போல ஏதோ ஒன்று வெள்ளையும் பழுப்புமாக விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. எறும்புச் சாரை ஒன்று அதன்மேல் ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது. உளி வைத்து அடித்தால் உளிதான் வழுக்கிற்று. இது என்ன அம்மா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வெல்லத்தையும் சுண்ணாம்பையும் இடித்துப் பூசியிருக்கிறார்கள். பூசிய பாவாயி அம்மாளே பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"எங்கூட்டு அண்டா ஒழுகுனப்ப இதத்தானுங்க அப்புனோம். பதினஞ்சு வருசமாச்சு, ஒரு சொட்டு வர்லீங்க. உங்க துரை வண்டி அண்டாவ விட ஒசத்தியா?"

மாட்டு வைத்தியம்

அரை நாள் உடைத்து வெல்லத்தையும் சுண்ணாம்பையும் எடுத்தேன். எறும்புக்கு நான் செய்த பாவம் தனிக் கணக்கு. பிறகு எண்ணெய் டாங்கியைத் திறந்தேன். திறந்தவுடன் ஒரு வாசனை வந்தது பாருங்கள், எனக்குச் சின்ன வயது முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. பேதிக்குக் கொடுக்கும்போது மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதே வாசனை. விளக்கெண்ணெய்.

நான் சாமான்களை வைத்துவிட்டு எழுந்தே விட்டேன். நல்லப்பன் நிதானமாக விளக்கம் சொன்னான். சேலம் போய் எஞ்சின் எண்ணெய் வாங்கி வருவது ஒரு நாள் வேலை. தோட்டத்திலோ ஆமணக்கு விளைந்து கிடக்கிறது, வீட்டிலேயே காய்ச்சி இறக்குகிறார்கள். அதனால் சீமை எண்ணெய் குறையக் குறைய அதிலேயே விளக்கெண்ணெயை ஊற்றி நிரப்பி வந்திருக்கிறான். விளக்கெண்ணெய் எஞ்சினுக்கு ஆகாத சரக்கு இல்லை. பந்தயக்காரர்கள் அதைத்தான் ஊற்றுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் கலந்தால் சேராது. உள்ளே கையை விட்டேன். கம்பங்களி மாதிரி பந்து பந்தாக வந்தது. அந்த நிலையிலும் அந்த எஞ்சின் ஓடியிருக்கிறது என்பதை நினைத்தபோது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி யாராவது செய்வார்களா, வண்டி என்ன உங்கள் வீட்டு மாடா என்று கத்திவிட்டேன். நல்லப்பன் முகம் கோணவில்லை. கத்துகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

"கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. செவலைக்கு வவுறு உப்புனா இதத்தான் ஊத்தறோம், அடுத்த நாளே ஏர் இழுக்குது. இதுவும் இழுக்கற உருப்படிதானுங்களே?"

பேக்கிங் வெட்டின கதை

இரண்டு இரும்பு சேரும் இடத்தில் நடுவே வைக்கிற காகிதத்துக்கு நாங்கள் பேக்கிங் என்போம். பழைய பேக்கிங் விளக்கெண்ணெயில் ஊறித் துணியாகக் கிழிந்து வந்தது. புதிதாக வெட்ட வேண்டும். நான் சேலத்திலிருந்து கொண்டுபோன அட்டை போதவில்லை. வீட்டில் கனமான காகிதம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றேன். பாவாயி அம்மாள் காட்டு வேலைக்குப் போயிருந்தார். நல்லப்பன் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல கனம். மஞ்சள் மஞ்சளாக இருந்தது, பழசு என்று நினைத்துக்கொண்டேன்.

பேக்கிங்குக்குக் கத்திரிக்கோல் வேண்டாம். காகிதத்தை எஞ்சின் விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலால் சுற்றி லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், இரும்பின் ஓரமே அச்சாக வெட்டிவிடும். தட்டி முடித்து, அரக்கைக் கரைத்துப் பூசி, மூடி, போல்ட்டை எல்லாம் முறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். தரையில் விழுந்த துண்டு ஒன்றைப் பாவாயி அம்மாள் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்துப்போனது. நானும் எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்டு உள்ளே ராசி எழுதியிருந்தது. மூலையில் இருந்தது பழசின் மஞ்சள் இல்லை, பூசின மஞ்சள். நல்லப்பனின் ஜாதகத்தைத்தான் நான் தட்டி வெட்டியிருக்கிறேன். லக்கினம் தரையில் கிடந்தது. மிச்சக் கிரகங்கள் எஞ்சினுக்குள் போய்விட்டன.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒருத்தனுடைய ஜாதகத்தைச் சுத்தியலால் அடித்தால் என்ன பாவம் வரும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கமாட்டார்கள், யாரும் அடித்திருந்தால்தானே எழுத? நல்லப்பனைப் பார்த்தேன். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான் என்பது அவன் சிரிப்பிலேயே தெரிந்தது. அந்தக் காகிதம் இரண்டு இடத்துக்குப் போய்த் திரும்பி வந்த காகிதம், அதன்மேல் அவனுக்கு அத்தனை வெறுப்பு. நல்ல வேளையாக மூன்றாவது வீட்டில் ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லை. கோயிலில் பூக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள், சம்மதம் என்று காட்டும் வெள்ளைப் பூவும் வந்துவிட்டது. ஆனால் அது பாவாயி அம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் வரவில்லை.

"பொண்ணூட்டுக்காரங்க சாதகங் கேட்டா எஞ்சினக் கழட்டியா சாமி காட்டறது?"

வெள்ளை வேட்டிப் பரீட்சை

எல்லாம் மூடிய பிறகும் ஒரே இடத்தில் மட்டும் சொட்டியது. எஞ்சினுக்குக் கீழே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சின்னக் குழாய், வாய் திறந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால் அதிலிருந்து புஸ் புஸ் என்று புகையும் எண்ணெயும் கலந்து வரும். நின்றால் சொட்டும். நான் பஸ் எஞ்சினில் வேலை பழகினவன். பஸ்ஸில் எண்ணெய் அதன் தொட்டியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும், இப்படித் திறந்த வாயோடு திரியாது. துரை வீட்டில் எவனோ மூடியைத் தொலைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஒரு நிமிஷமாவது யோசித்தேனா என்றால் இல்லை. பித்தளைக் கட்டை ஒன்றை அரத்தால் தேய்த்து, மரை போட்டு, குழாய் வாயில் இறுக்கி முறுக்கிவிட்டேன்.

ஒழுக்கு நின்றது. நான் ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டினேன். பாவாயி அம்மாள் அதோடு விடவில்லை. சலவைக்குப் போய் வந்த வெள்ளை வேட்டி ஒன்றை வண்டிக்கு அடியில் விரித்து, இரவு முழுக்க அப்படியே நிறுத்தச் சொன்னார். காலையில் வேட்டியை இரண்டு கையாலும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும் கலங்கிற்று, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு பெட்டியிலிருந்து ஒரு புதுப் பட்டுக்கரை வேட்டியை எடுத்து வைத்து என்னிடம் நீட்டினார். மறுநாள் மாலை நாலு மணிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். அவரும் உறவு ஜனங்களும் மாட்டு வண்டியில் முன்னால் போய்விடுவார்கள், மாப்பிள்ளை பின்னால் மோட்டார் சைக்கிளில் வருவான்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க மேஸ்திரி. இனி எவ வந்து எண்ணெய்ங்கறான்னு நானும் பாக்கறனுங்க."

சளிக்கு மருந்து

மறுநாள் அந்தப் புது வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் செவ்வாய்ப்பேட்டையில் நடந்தேன். பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்த என் சிநேகிதன் ரங்கனிடம் போய் உட்கார்ந்து, வெல்லம் சுண்ணாம்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பித்தளைக் கட்டைக்கு வந்ததும் மெஷின் நின்றது.

எந்தக் குழாய் என்று கேட்டான். சொன்னேன். கீழே பார்த்த குழாயா என்றான். ஆமாம் என்றேன். ரங்கன் பழைய துரை வண்டிகளோடு பழகினவன். அந்தக் காலத்து எஞ்சினில் எண்ணெய் சுற்றி வராதாம். கைப்பம்பை அழுத்தினால் உள்ளே போகும், வேலை செய்யும், வேலை முடிந்த மிச்சம் எஞ்சின் விடுகிற மூச்சோடு சேர்ந்து அந்தக் குழாய் வழியாக வெளியே போய்விடும். அது ஒழுக்கே இல்லை, அதன் சுபாவம். அதை அடைத்தால் மூச்சு எங்கே போகும்? கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். ஐந்து நிமிஷத்தில் தெரியாது, அஞ்சாறு மைல் ஓடினால் தெரியும்.

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஒன்று. நான் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு, பெண் வீட்டுப் பக்கம் போகும் மல்லசமுத்திரம் பஸ்ஸுக்கு ஓடும்போது ரங்கன் பின்னாலிருந்து சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்திட்டு, சளி நின்னுபோச்சுன்னு வேட்டி வேற வாங்கிட்டு வந்திருக்கயே, நீ மனுசனாப்பா?"

புளியமரத்தடி

பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகைச் சைக்கிள் பிடித்து, பெண் வீட்டார் ஊரை மிதித்து எட்டியபோது நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் நல்லப்பன் வண்டி நின்றது. ஒரே இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த வண்டியை நான் ஒன்பது இடத்தில் ஒழுகும்படி செய்திருந்தேன். மூடி, முடுக்கு, போல்ட்டு, எல்லா இடுக்கிலும் எண்ணெய். ஜாதகத்தில் வெட்டிய பேக்கிங் ஒன்றுதான் ஒழுகாமல் நின்றது. நல்லப்பன் வேட்டி முழங்காலுக்குக் கீழே கன்னங்கரேலென்று கிடந்தது.

காலில் விழாத குறையாகத் தப்பை ஒப்புக்கொண்டேன். பித்தளைக் கட்டையைக் கழற்றினேன், உள்ளே அடைபட்டிருந்த மூச்சு சீறிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டால் பழையபடி ஒரு சொட்டுத்தான் விழும், வாசலுக்குப் போய்ச் சுவர் ஓரமாக நிறுத்தி அடியில் என் துண்டைப் போட்டுவிடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வழி சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, ஆத்தாளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னான். "அந்த ரெண்டு ஊட்டுலயும் எண்ணெய் ஒரு சாக்குங்க மேஸ்திரி. வண்டிமேல இருந்த மட்டும் எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் நின்னாங்க. எறங்கி நாலு எட்டு வெச்ச பொறகுதான் கோலத்து மேல எண்ணெய் அவங்க கண்ணுக்கே தெரிஞ்சுது."

என் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. என் தொழிலில் நான் அதிர்ந்துபோன நாட்கள் நிறைய உண்டு. ஆனால் அன்றைக்குப் போல் என்றைக்கும் இல்லை. பத்து நாளாகக் குனிந்தும் படுத்தும் நான் எதை அடைத்துக்கொண்டிருந்தேன்? கால் சங்கதியைக் கல்யாணத் தரகர் இந்த வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் மாப்பிள்ளை என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார். மரத்துக்குப் பின்னால் போய் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவன் ஆத்தாள் எனக்குக் கொடுத்த புது வேட்டியை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். அவனுடைய எண்ணெய் வேட்டியை நான் கட்டிக்கொண்டேன். இனி வண்டியில் ஏறுங்கள் என்றேன். அவன் ஏறவில்லை.

"இந்த ஊட்டுக்காரங்களுக்குச் சாக்கு வேண்டாமுங்க. வண்டி இங்கியே நிக்கட்டும். நான் நடந்தே போறேன், பாக்கறவங்க முழுசாப் பாத்துக்கட்டும்."

செல்லாயி

பெண் வீடு தெருவின் அந்தக் கடைசி. இரண்டு பக்கமும் பெண்கள் கதவோரம் நின்றிருந்தார்கள், எல்லாரும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு. சத்தம் வரவில்லை. சாய்ந்து சாய்ந்து ஒரு மனுஷன் வந்தான். கிணற்றுக்கே வண்டியில் போகிறவன் அவன். பாதித் தெருவில் நின்று மூச்சு வாங்கினான், தோள் துண்டைச் சரி செய்தான், மறுபடி நடந்தான். நான் எண்ணெய் வேட்டியோடு நாற்பது அடி பின்னால் வந்தேன். போய்த் தோளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கை துடித்தது. ஆனால் அவன் அதை விரும்பமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு பொடிசு மட்டும் பின்னாலேயே அதேபோல் சாய்ந்து நடந்து காட்டியது. அதை நான் முறைத்த முறைப்பில் அது வீட்டுக்குள் ஓடிவிட்டது.

வெளிவாசலிலேயே நான் நின்றுகொண்டேன். எண்ணெயோடு உள்ளே போக நான் என்ன பைத்தியமா? மகன் நடந்து வருவதைப் பார்த்ததும் பாவாயி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உட்கார்ந்திருந்த தரகர் எழுந்து தூண் பக்கம் போய்விட்டார். பெண்ணின் அப்பா எழுந்து நின்றார், வாங்க என்று மட்டும் சொன்னார். பிறகு பெண்ணின் அத்தைதான் ஆரம்பித்தாள். நல்ல காரியத்துக்கு வரும்போது ஊர் எல்லையிலேயே எண்ணெய் ஆறாக ஓடிக் கிடக்கிறதாமே, ஆடு ஓட்டி வந்த பையன் சொன்னானே, சகுனம் எனக்குச் சரியாகப் படவில்லை என்றாள். அவள் கண் எண்ணெய் கிடந்த பக்கம் பார்க்கவில்லை. நல்லப்பன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மோரும் வரப் போகிறது என்று நினைத்தேன்.

வந்தது தண்ணீர்ச் செம்பு. கொண்டுவந்தவள் பெண், செல்லாயி. சபையில் பெண் பேசுகிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. அதனால் அவள் குரல் கேட்டதும் அவள் அப்பாவே திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் சத்தமாகக்கூடப் பேசவில்லை. செம்பை நல்லப்பன் கையில் கொடுத்துவிட்டு, அத்தையைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"வண்டி நம்ம வாசலுக்கே வர்லீங்களே அத்தை. வந்தது இவருதானுங்க."

பாக்கி ஒரு சொட்டு

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. பாவாயி அம்மாள் என்னைக் கூப்பிட்டு வேறு ஒரு வேட்டி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் செய்த வேலைக்கு வேட்டி கொடுத்த வீடு என் வாழ்க்கையில் அது ஒன்றுதான், அதுவும் இரண்டு தடவை. அந்த வெட்கம் என்னைத் தின்றுகொண்டே இருந்தது. தை மாதம் ஒரு நாள் யாரும் கூப்பிடாமலே சாமான் பையோடு போனேன். அந்தக் குழாய்க்கு ரப்பர்க் குழாய் மாட்டி, எண்ணெய் வாசலில் விழாமல் தூரக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று யோசனை.

அடியில் படுக்கப் போனால் அங்கே ஒரு தகரத் தட்டு இருந்தது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கலயம், அதில் முக்கால் வரைக்கும் எண்ணெய். இத்தனை வருஷத்தில் ஒழுகும் எண்ணெயைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லை. அதிர்ச்சியில் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். செல்லாயி இடுப்பில் குடத்தோடு வந்தாள். நான் கையில் வைத்திருந்த ரப்பர்க் குழாயைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க மேஸ்திரி, அதுல கைய வெச்சுப்போடாதீங்க. தண்ணி எறைக்கற கெணத்துக் கவலை உருளைக்கும் மாட்டு வண்டி அச்சுக்கும் இதுதானுங்க ஊத்தறேன். நீங்க நல்லாப் பண்றேன்னு நிறுத்திப்போட்டா நான் எண்ணெய்க்கு எங்க போவேன்?"

அன்பர்களே, எத்தனையோ வண்டிகளில் எதை எதையோ சேர்த்து முறுக்கியிருக்கிறேன், இன்றுவரை பிரியாமல் நிற்பது இந்த ஒரே ஒரு ஜோடிதான், அதுவும் என் ரிப்பேர் பலிக்காமல் போனதால் சேர்ந்தது.